நீ கால் வைக்கவிடாத தண்ணீர்

மக்களே, பெரிய செய்தி, ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: தை மாதம் என் மகனுக்குக் கல்யாணம், ராயக்கோட்டைப் பெண், தங்கமான பெண், அதோடு நீங்கள் எல்லாரும் ஷேர் செய்து கொண்டாடினீர்களே நம் பவளக்காலிப் பறவை வீடியோ, அது ஒரு கம்பெனிக் கூட்டத்தில் சுவர் அகலத் திரையில் ஓடிவிட்டது, ஓட்டியவனும் என் மகன்தான்!

வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகலாம், நன்றி. கண்ணு, இனி எழுதுவதெல்லாம் உனக்கு. வீட்டிலேயே பேசலாமே, ஊரே படிக்கிற பக்கத்தில் எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். வீட்டில் பேசிப் பார்த்தேன், நீ இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாய். என் குரலை என்னைக் கேட்காமல் ஊர் கேட்கும்படி போட்டவன் நீ. என் பதிலும் ஊர் கேட்கத்தான் வரும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துப் பாதியில் மூடிவிடாதே. கோபத்தில் எழுதியதை எல்லாம் நேற்றே அழித்துவிட்டேன். இது மிச்சம்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, உன் அப்பாவின் கம்பெனி வேலையை நம்பி ஓசூரில் இறங்கினேன். நீயும் நானும் சேர்ந்து வளர்ந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். நீ பாலிடெக்னிக் சேர்ந்ததும் உனக்குப் புதுப் போன் வந்தது, உன் பழைய போன் எனக்கு வந்தது, மூலையில் விரிசலோடு. ஜூம் செய்யக் கற்றுக்கொடுத்தவன் நீ. வீடியோவை வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுத்தவனும் நீதான். பறவைகளின் பெயர்களை மட்டும் நானாகவே படித்தேன், ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் போனைத் தடவித் தடவி. மடையான், நாமக்கோழி, தாழைக்கோழி, நீர்க்காகம். சினிமா நடிகருக்குக் கட்டவுட் வைக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். ஒரு மீன்கொத்திக்காக விடிகாலையில் முள்ளுக்குள் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கியவளும் நான்தான். உன் அப்பா வீட்டுக்கு வந்தவர்களிடம், "எங்க வீட்டம்மா கொக்குக்கு ரசிகர் மன்றம் வச்சிருக்கா" என்று சொல்லுவார். அவர் கேலியாகச் சொன்னதை நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் நம் ஏரிக்கு என்னை முதலில் இழுத்துப் போனது பறவைப் பைத்தியம் இல்லை. நீதான். பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற அந்தக் கரைக்கு, பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் போகணும் என்று அடம்பிடிப்பாய். முக்குளிப்பானைக் காட்டி அதற்கு சப்மரைன் என்று பெயர் வைத்தாய். அது முங்கியதும் நமக்குள் பந்தயம். "அந்தக் கோரைகிட்ட வரும் பாரு" என்பேன். "இல்லமா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கரையிலேயே ஓடுவாய். நாம் இரண்டு பேரும் சொல்லாத இடத்தில் அது தலையைத் தூக்கும். நீ அப்படி ஒரு சிரிப்புச் சிரிப்பாய். தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நான் எடுத்த முதல் வீடியோ அதுதான், உன் அப்பாவின் போனில். பறவையே அதில் தெரியாது. வெறும் தண்ணீரும் உன் கூச்சலும்.

பிறகு பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிற ஆற்றில் நுரை வந்தது. பனிமலை மாதிரி பொங்கி, காற்றில் பறந்து, ரோட்டில் வந்து விழுந்தது. நான் என்ன ஆட்டம் ஆடினேன் என்று நம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிக் காட்டிக் கத்தினேன். "பெங்களூர்க்காரங்க குளிச்ச தண்ணில நாங்க பயிர் வைக்கணுமா?" என்று நான் கேட்டதற்கு எத்தனை கைதட்டல். நம் பக்கத்து வீட்டுச் செல்வி, சேலத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை என்னோடு நடக்க வருகிறவள், அன்றைக்கே ஒரு வார்த்தை சொன்னாள். "அக்கா, உங்க கை எப்பவும் வடக்காட்டமே நீளுது. கழுத்து திரும்பாதோ?" நான் சிரித்துவிட்டு அடுத்த வீடியோ எடுக்கப் போய்விட்டேன். நம் ஏரிக்கும் அந்த ஆற்றுக்கும் ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. மேட்டில் பெய்கிற மழை ஓடி வந்து நிறைகிற ஏரி. அதனால் நம் ஏரிக்கு ஆபத்தே இல்லை என்று நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். அந்த மேட்டில் என்னென்ன கட்டடம் வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

அந்தக் கட்டடங்களில் ஒன்றில்தான் உனக்கு வேலை கிடைத்தது. நட்டு, போல்ட், வண்டிப் பாகங்களுக்கு முலாம் பூசிப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிற இடம். பெயர் எழுத மாட்டேன், பயப்படாதே. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பாதுகாப்பு, சுற்றுச்சூழல் எல்லாம் பார்த்துக்கொள்கிற பொறுப்பு உனக்கு வந்தது. பச்சைக் கோட்டும் வெள்ளை ஹெல்மெட்டும் போட்டு நீ நின்ற படத்தை நான் போட்டேனே, "என் மகன் சுற்றுச்சூழல் அதிகாரி" என்று. முக்குளிப்பான் பின்னால் ஓடின பிள்ளை தண்ணீரைக் காப்பாற்றுகிற வேலைக்கே போய்விட்டான் என்று ரோஜாக் கொட்டகையில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். அந்த மைசூர்பாகு இப்போது தொண்டையில் திரும்பி வருகிறது.

போன வருடத்துக்கு முந்தின குளிரில் பவளக்காலி வந்தது. அதற்கு முன்னால் நம் ஏரியில் ஒன்றிரண்டு வந்து போயிருக்கும். அந்தக் காலையில் கூட்டமாக வந்து நின்றன. வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, குச்சி மாதிரி இளஞ்சிவப்பில் நீளக் கால். பறக்கும்போது அந்தக் கால் வாலுக்குப் பின்னால் நூல் மாதிரி தொங்கிக்கொண்டு போகும். எனக்குப் பித்துப் பிடித்தது. கத்தினேன். "மக்களே! நம்ம ஏரி உயிரோட இருக்கு! பாருங்க, யார் வந்திருக்காங்கன்னு பாருங்க! தண்ணி நல்லா இருக்கறதாலதானே வந்திருக்காங்க!" அந்த வீடியோ எங்கெங்கோ போனது. துபாயிலிருந்து ஒருவர் அழுததாக எழுதினார். அடுத்த வருடம் இன்னும் பெரிய கூட்டம் வந்தது, நான் இன்னும் பெரிதாகக் கத்தினேன்.

முதல் பவளக்காலி வீடியோவுக்குக் கீழே முகம் தெரியாத ஒருவர் எழுதினார்: "அக்கா, இந்தப் பறவை சாக்கடைச் சேத்துலயும் கூட்டமா மேயும். சந்தோஷப்படறதுக்கு முன்னாடி மீன் இருக்கான்னு பாருங்க." நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்கிற மூஞ்சிப் பொம்மையை வரிசையாகப் போட்டு, "பொறாமைக்கு மருந்து இல்லை தம்பி" என்று பதில் எழுதி, அவரை பிளாக் செய்துவிட்டேன். தம்பி, நீங்கள் யாராக இருந்தாலும், வேறு கணக்கில் இதைப் படித்தால், மன்னித்துவிடுங்கள். சொல்லித்தர ஆள் இல்லாமல் படித்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தப்பென்று யாராவது சொன்னால் சுருக்கென்று இருக்கும்.

மீன் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த வருடம் ஏரி மீன் ஏலத்துக்கு ஆளே வரவில்லை. எருமைகளைக் கழுவ வருகிற நஞ்சப்பா அண்ணன், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், என்னிடம் கரையில் வைத்தே சொன்னார். "எவன் எடுப்பான் ஏலம்? வலைய போட்டா பிளாஸ்டிக் பை வருது. எனக்குக் காலெல்லாம் அரிப்பும்மா, ராத்திரி தூக்கமே இல்ல." நான் பவளக்காலியின் மேல் போனை நீட்டியபடியே, தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுங்கள் அண்ணா என்றேன். அந்த வீடியோவிலேயே அவர் குரல் லேசாகப் பதிவாகியிருக்கிறது. நான்தான் பாட்டைச் சேர்த்து அதை அமுக்கிவிட்டேன்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். உன் கம்பெனி இன்னொரு ஷெட் கட்டப்போகிறது, அதற்கு ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கிறார்கள் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நீதான் என்னையும் வரச் சொன்னாய், முன்வரிசையில் உட்கார்த்தி வைத்தாய். தக்காளி சாதம் பொட்டலமாக வந்தது. நஞ்சப்பா அண்ணன் எழுந்து, வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காலைக் காட்டினார். "சார், இதுக்கு இன்னா பதில்? கால்வாய்ல மஞ்சத் தண்ணி வருது, நாத்தம் வருது. இன்னொரு ஷெட்டு வந்தா இன்னொரு கால்வாயா?" கூட்டம் சலசலத்தது. மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது நீ எழுந்தாய். மைக்கை வாங்கினாய். நல்ல சட்டை, நான் தேய்த்துக் கொடுத்தது.

"ஐயா சொல்றத நான் மறுக்கல. ஆனா நான் இந்த ஏரிக்கரையில வளந்தவன். எங்கம்மா தெனம் அங்கதான் நடக்கறாங்க. ஏரி எப்டி இருக்குன்னு அவங்களே சொல்லுவாங்க" என்றாய். திரையில் நான் வந்தேன். என் குரல் மண்டபம் முழுக்க எகிறியது. தண்ணி நல்லா இருக்கறதாலதானே வந்திருக்காங்க! பவளக்காலிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். அதிகாரி ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். சொன்னால் வெட்கக்கேடு, அந்த நிமிடம் எனக்கும் பெருமையாக இருந்தது. வெளியே செருப்பு மாட்டும்போது நஞ்சப்பா அண்ணன் பக்கத்தில் வந்தார். திட்டவில்லை. "ஏம்மா, நீயே நல்லா இருக்குதுன்னு சொல்லிட்ட. இனிமே என் காலை எவன் பாப்பான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். மனதுக்குள் உனக்காக வாதாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என் மகன் தெரிந்து செய்ய மாட்டான். அவனும் என்னைப் போலப் பறவையைப் பார்த்து ஏமாந்திருப்பான்.

அடுத்த வாரம் கல்யாணப் போட்டோ எடுக்க நம் ஏரிக்கே போனோம். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பெண்தான். நிச்சயத்தன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, உங்க வீடியோல வருமே அந்தப் பறவை, அதுக்கு முன்னாடிதான் நாங்க நிக்கணும்" என்று சொன்னவள். நீ வேறு இடம் பார்க்கலாம் என்று இழுத்தாய். மலைக்கோட்டை என்றாய், பெங்களூரில் பூங்கா என்றாய். அவள் விடவில்லை. அவளுக்குப் பாசி நிறத்தில் பாவாடை, உனக்கு அதே நிறத்தில் குர்தா. தூரத்தில் பவளக்காலிகள் வரிசையாக நின்றன. இன்னும் கொஞ்சம் தள்ளி நஞ்சப்பா அண்ணன் எருமையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார், முழங்கால் தண்ணீரில். போட்டோக்காரப் பையன் சொன்னான், "மேடம், அந்தக் கல்லுமேல உக்காந்து செருப்பக் கழட்டிட்டு, கால் ரெண்டையும் தண்ணில விடுங்க. செமையா இருக்கும்."

அவள் கொலுசுக் காலை நீட்டினாள். நீ கத்தினாய்.

"வோணாம்! கால வைக்காத! எடு, கால எடு!"

உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாய், அவள் தடுமாறிப் போனாள். "ஏங்க, என்னாச்சு? அத்தையோட பறவையெல்லாம் நிக்குதே?" என்று கேட்டாள். நீ சொன்னாய்: "அது பறவை. நீ இந்தப் பக்கம் வா."

போட்டோக்காரன் சிரித்தான், பாம்பு கீம்பு இருக்குமோ சார் என்றான். நீ ஆமாம் என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். பாம்புக்குப் பயந்த முகமா அது? அந்தப் பக்கம் நஞ்சப்பா அண்ணன் கையில் வைக்கோல் கற்றையோடு அப்படியே நின்றிருந்தார். உன்னைப் பார்த்தார். குனிந்து தண்ணீருக்குள் இருந்த தன் காலைப் பார்த்தார். "அய்யோ தேவ்ரே" என்று அவர் பாஷையில் கடவுளை மெதுவாகக் கூப்பிட்டார். நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவரையும் கரைக்கு வரச் சொல்லி உனக்கு ஒரு வார்த்தை வரவில்லை கண்ணு. எனக்கு அதுதான் ஆறவில்லை. கூட்டத்தில் நீ செய்ததைக்கூட வேலைக்குப் பயந்து செய்தான் என்று என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். மேடையில் நல்ல தண்ணீர், அவருக்கும் எருமைக்கும் நல்ல தண்ணீர், நீ கட்டிக்கப்போகிறவள் காலுக்கு மட்டும் கெட்ட தண்ணீரா?

அன்று சாயங்காலம் நான் கேட்டேன். நம் இரண்டு பேருக்கும் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல்.

"கண்ணு, அந்தத் தண்ணில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லமா. எல்லாம் ட்ரீட் பண்ணித்தான் விடறோம்."

"எல்லா நாளுமா?"

நீ போனைப் பார்த்தாய். "மழை நாள்ல கழிவுத் தொட்டி தாங்காது. அப்ப திறந்துடுவாங்க. மழைத் தண்ணியோட கலந்துட்டா ஒண்ணும் தெரியாது."

"தெரியாதா, ஆகாதா?"

"மா, வக்கீல் மாதிரி கேக்காத. நான் இன்னா பொய் சொன்னன்? உன் வீடியோ, உன் குரல், உன் பறவை. நான் ஒரு வார்த்த சேத்தனா?"

"திறக்கறது யாரு?"

இயர்போன் காதுக்குப் போனது. உன் அப்பா உள்ளேயிருந்து வந்து, "விடு புள்ள. கல்யாணம் முடியட்டும். வேலை போச்சுன்னா பொண்ணு வீட்ல என்ன சொல்றது?" என்றார். ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த மெசேஜ்கள் ஞாபகம் வந்தன. இரண்டு மழைக்காலமாக எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாயே. "மா, நாளைக்கு மழை. ஏரிப் பக்கம் போகாத, வழுக்கும்." ஒவ்வொரு முறையும் ஒரு குடைப் பொம்மை. நான் அதைச் செல்வியிடம் காட்டிக் காட்டிக் காது புளிக்க வைத்திருக்கிறேன். வேலை நெருக்கடியிலும் வானிலை பார்த்து அம்மாவுக்குச் சொல்கிற பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று. செல்விகூட, "எம்பையனுக்கு நான் குடை எடுத்துட்டுப் போனனா செருப்பு போட்டுட்டுப் போனனான்னே தெரியாது. உங்க பையனாட்டம் வருமா" என்று பெருமூச்சு விட்டாள். நீ சொன்ன அந்த நாட்களில் எல்லாம் நான் போகவில்லை. வெயில் வந்த பிறகு போய், கழுவித் துடைத்த மாதிரி இருந்த ஏரியை வீடியோ எடுத்தேன். அது பாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் வழுக்கி விழக்கூடாது என்றும் நினைத்தாய், நான் பார்த்துவிடக்கூடாது என்றும் நினைத்தாய். ஒரே குடைக்குக் கீழே இரண்டையும் வைத்தாயே, அந்தச் சாமர்த்தியம் எங்கே படித்தாய்?

போன வாரம் உன் மெசேஜ் வந்தது. நாளைக்கு மழை. நான் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு விடிந்ததும் போனேன். செல்வியும் வந்தாள், கேள்வி கேட்காமல். மேட்டிலிருந்து கால்வாய் வந்து ஏரியில் விழுகிற இடத்தில் நின்றோம். முதலில் செம்மண் தண்ணீர்தான் வந்தது. மழை வலுத்தது. பிறகு அதன் நடுவில் ஒரு மஞ்சள் பட்டை இறங்கியது, பழுத்த எலுமிச்சை நிறத்தில். ஓரத்தில் நுரை. மூக்கில் தீப்பெட்டி உரசின மாதிரி ஒரு நெடி. செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, பெங்களூரு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பவளக்காலிகள் தூரத்துச் சேற்றில் மழையில் நனைந்தபடி மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் அவை பேசியதாக ஊருக்குச் சொன்னேன். முக்குளிப்பானைத் தேடினேன். அது மீன் தின்கிற பறவை, கண்ணு. கோரைப் பக்கமும் பார்த்தேன், நீ ஓடுகிற பக்கமும் பார்த்தேன். எங்கேயும் தண்ணீர் அசையவில்லை. அது கடைசியாக எப்போது முங்கியது என்று என் பழைய வீடியோக்களை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். பவளக்காலி வந்த பிறகு எடுத்த ஒன்றிலும் அது இல்லை. நான் கவனிக்கவே இல்லை. புது விருந்தாளியைக் கொஞ்சுகிற அவசரத்தில் வீட்டுப் பிள்ளை காணாமல் போனதைப் பார்க்கவில்லை.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அம்மா புத்திமதி சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். கட்டிக்கிட்டவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது உனக்குச் சொல்லாமலே வரும், அன்றைக்குப் பார்த்துவிட்டேன். வேலையை மதித்து நட என்றும் சொல்ல வேண்டியதில்லை, அளவுக்கு மேலே மதிக்கிறாய். எனக்கு உன்னிடம் சொல்ல மிச்சமிருப்பது இவ்வளவுதான். அந்தப் பெண் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டாள், பறவையெல்லாம் நிற்கிறதே என்று. நீ அதற்குப் பாம்பு என்று பதில் சொன்னாய். கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் அவளிடம் உண்மையான பதிலைச் சொல்லிவிடு. அவள் அப்பா தக்காளி போடுகிறவர். தண்ணீர் என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவள் வேண்டாம் என்று போய்விடுவாளோ என்று நீ பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் நஞ்சப்பா அண்ணன் காலைப் பார்த்துக்கொண்டே என்னால் உனக்கு அட்சதை போட முடியாது.

ஒரு வேலை செய்துவிட்டேன், இன்னொரு வேலை செய்யாமல் வைத்திருக்கிறேன். பவளக்காலி வீடியோக்கள் இரண்டையும் நம் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். மஞ்சள் தண்ணீர் வீடியோ என் போனில் இருக்கிறது, இன்னும் போடவில்லை. அந்த ஷெட் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் எழுத்தில் கொடுக்க இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னார்கள். யாரும் கொடுக்காவிட்டால் ஷெட் வந்துவிடும், உன் தொட்டி இன்னும் சீக்கிரம் நிரம்பும். அந்த அதிகாரிகளிடம் என் வீடியோவைக் காட்டியது நீ. அது தண்ணீருக்குச் சாட்சி இல்லை என்று போய்ச் சொல்ல வேண்டியதும் நீதான். நீ சொன்னால் மகன் சொன்னதாக இருக்கும். நான் இதைப் போட்டால் அம்மா காட்டிக்கொடுத்ததாக இருக்கும். எது வேண்டும் என்று நீயே முடிவு செய். மாதக் கடைசிவரை காத்திருப்பேன். அதற்கு மேல் ஏரியால் காத்திருக்க முடியாது.

மக்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. இதற்கு இதயப் பொம்மை போடாதீர்கள். உங்களிடம் நம் ஏரியின் பழைய படம் இருந்தால், முக்குளிப்பானோ மீன் வலையோ குளிக்கிற பிள்ளைகளோ தெரிகிற படம், அதைக் கீழே போடுங்கள். பாகலூர் பக்கம், ஓசூர் பக்கம் இருக்கிற குரூப்புகளுக்கெல்லாம் இந்தக் கடிதத்தை அனுப்புங்கள். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க நஞ்சப்பா அண்ணனோடு போகிறோம், வருகிறவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் என்னோடு பறவை பார்த்து நடக்க வராதீர்கள், அந்த நடை போதும். அடுத்து மழை பெய்கிற காலையில் வாருங்கள், கால்வாய் விழுகிற இடத்துக்கு. குடை கொண்டுவாருங்கள். யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள்.

கண்ணு, நீயும் வா. மண்டபத்தில் மைக்கில் சொன்னதையே அந்தக் கரையில் நின்று எல்லாருக்கும் முன்னால் ஒருமுறை சொல். சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மஞ்சள் தண்ணீரில் காலை வை. நீ வைக்கப் போனால் நான் கத்துவேன் என்று உனக்கே தெரியும், நீ அவளுக்குக் கத்தினாயே அதே மாதிரி. வோணாம், கால எடு என்று. போன் ஓடிக்கொண்டிருக்கும். என் பழைய கத்தலைத் திரையில் போட்டவன் நீ. இந்தக் கத்தலையும் கொண்டுபோய் அதே மண்டபத்தில் போடு.